தென் டெக்சஸில் நீலகாய் வேட்டை: முதல்முறை போகிறவர்களுக்கு

நீலகாய் சுட்டவுடன் விழுகிற மிருகம் இல்லை. பண்ணையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ஐஸ்பெட்டி வாங்குவதுவரை கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான். மார்பில் குண்டு பட்ட பிறகும் இருநூறு கஜம் ஓடி, முள்ளுப் புதருக்குள் நுழைந்து, நம் கண்ணுக்குப் படாத இடத்தில் போய்ப் படுத்துவிடும். அப்படி ஒன்றைத் தொலைத்துவிட்டு வீடு திரும்புவதைவிட வேட்டைக்கே போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைப்பவன் நான். ஹூஸ்டன், ஆஸ்டின், டாலஸ் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் அடிக்கடி கேட்பதால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீலகாய் நம் நாட்டு மிருகம். ராஜஸ்தான், குஜராத், உத்தரப் பிரதேசப் பக்கம் வயலில் இறங்கி மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆசியாவின் இரலை வகைகளிலேயே பெரியது இதுதான். 1920களிலும் 30களிலும் கிங் ராஞ்ச் என்ற பெரிய பண்ணை இதை உயிரியல் பூங்காக்களிலிருந்து வாங்கித் தென் டெக்சஸில் விட்டது. அந்தப் பண்ணை மட்டும் 8,25,000 ஏக்கர். அங்கிருந்து பெருகி, கிங்ஸ்வில்லுக்குத் தெற்கே கென்னடி, வில்லசி, கேமரான் கவுண்டிகள்வரை கடலோர மணல்காட்டில் ஆயிரக்கணக்கில் பரவிவிட்டது. வேலி போட்டு வளர்ப்பவை இல்லை; மாட்டு வேலிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் நுழைந்து பண்ணை விட்டுப் பண்ணை போய்க்கொண்டே இருக்கும். (கிண்டியிலும் வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் நாம் பார்த்த வெளிமான்கூட இந்த மாநிலத்தில்தான், வடக்கே எட்வர்ட்ஸ் பீடபூமிப் பக்கம் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. அதன் வேட்டை முறை வேறு, இங்கே அதைத் தொடவில்லை.)

ஆணுக்குக் கருநீலச் சாம்பல் நிறம், தொண்டையில் ஒரு மயிர்க்குஞ்சம், எட்டு ஒன்பது அங்குலத்துக்குக் குட்டைக் கொம்பு. நல்ல ஆண் 600 பவுண்டை எட்டும். பெண் மணல் நிறம், கொம்பு கிடையாது, எடையும் நன்றாகக் குறைவு. இரண்டுக்கும் குளம்புக்கு மேலே வெள்ளை வளையம் இருக்கும்.

வீட்டில் முதலில் ஒரு பேச்சு பேசிவிடுங்கள். பெயரிலேயே பசு இருக்கிறது (இந்தியில் ‘காய்’ என்றால் பசு), விலங்கியல்படியும் இது மாட்டுக்கு நெருங்கிய சொந்தம்தான். மாட்டுக்கறி தொடாத வீட்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் கறியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் சங்கடம். சாப்பிட ஆள் இல்லை என்றால் இந்த வேட்டை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கறியை யாருக்குக் கொடுக்கலாம் என்பதையாவது முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

லைசென்ஸும் விசாவும்

டெக்சஸ் சட்டப்படி நீலகாய் வெளிநாட்டு வகை. அதனால் மானுக்கு இருப்பதுபோல் சீசனும் கிடையாது, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. நில உரிமையாளர் அனுமதித்தால் வருடம் முழுக்க வேட்டையாடலாம். ஆனால் வேட்டை லைசென்ஸ் கட்டாயம். டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருப்பவருக்கு 25 டாலர். வேறு மாநிலத்திலிருந்து வருபவர் 315 டாலர் லைசென்ஸ் எடுக்க வேண்டியதில்லை. 48 டாலருக்கு ஐந்து நாள் லைசென்ஸ் இருக்கிறது, வெளிநாட்டு வகை விலங்குகளுக்கு அதுவே செல்லும். கட்டணம் மாறக்கூடியது, வாங்கும் அன்றைக்கு மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பதினேழு வயது தாண்டியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். தற்காலிக விலக்கு என்று ஒன்று பத்து டாலருக்குக் கிடைக்கிறது, ஆனால் வாழ்நாளில் ஒரே முறைதான், கூடவே தகுதியுள்ள வேட்டைக்காரர் ஒருவரும் இருக்க வேண்டும். அந்தக் குறுக்குவழியை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்து முடியுங்கள். துப்பாக்கியோடு வேலி தாண்டுவது எப்படி, குறி வைத்த மிருகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என்று எதில் வந்திருந்தாலும், குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இந்த நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் என்றில்லை, நண்பருடையதையோ பண்ணை வாடகைக்குக் கொடுப்பதையோ கையில் வாங்கினாலும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. நமக்குப் பொருந்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருப்பது. ஆக லைசென்ஸ் முதலில், துப்பாக்கியைத் தொடுவது அப்புறம். இன்னொன்று, ஐந்து நாள் லைசென்ஸ் தவிர, டெக்சஸ் வேட்டை லைசென்ஸை எந்த மாதம் வாங்கினாலும் அது ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். ஜூலையில் வாங்கிவிட்டு ஒரு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால், செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கியே உங்கள் விசாவுக்கு வினையாகிவிடும். அடுத்த வருடத்துக்கானது ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அப்போதே வாங்கிவிடுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலைமையில் கொஞ்சம் சிக்கல் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள், அந்தப் பணம் வீண் போகாது.

பண்ணையைப் பிடிப்பது

தென் டெக்சஸில் நிலம் ஏறக்குறைய எல்லாமே தனியாருடையது. பொது நிலத்தில் வேண்டும் என்றால் லகுனா அட்டஸ்கோசா தேசிய வனவிலங்குப் புகலிடம் அனுமதிச் சீட்டு முறையில் வேட்டைக்கு விடும்போது நீலகாயும் அதில் உண்டு. செலவு குறைவு, ஆனால் கைடு கிடையாது, இறைச்சியை நீங்களே சுமக்க வேண்டும். முதல்முறை போகிறவருக்கு அது வேண்டாம்.

தனியார் பண்ணைக்குப் போன் செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். காயப்பட்டுத் தப்பிய மிருகத்துக்கு என்ன விதி? பெரும்பாலான பண்ணைகளில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே அது உங்கள் மிருகம், கிடைக்காவிட்டாலும் முழுப் பணம். அது நியாயமான விதிதான், எனக்கு அதில் குறையில்லை. அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம்: காயப்பட்டால் எவ்வளவு நேரம் தேடுவீர்கள், தடம் பிடிக்கும் நாய் இருக்கிறதா, பக்கத்துப் பண்ணைக்குள் போய்விட்டால் உள்ளே போய் எடுக்க ஏற்பாடு இருக்கிறதா? இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்கிறவரிடம் போகாதீர்கள்.

அப்புறம் எத்தனை ஏக்கர், உயரமான வேலியா மாட்டு வேலியா, வண்டியில் சுற்றிப் பார்த்து இறங்கி நெருங்குவதா அல்லது வண்டியின் மேல்தட்டிலிருந்தே சுடுவதா, ஒரு கைடுக்கு எத்தனை வேட்டைக்காரர்கள், தோலுரித்துக் காலாகப் பிரித்துத் தருவார்களா, குளிர் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பணம் என்று பார்த்தால் ஆணுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைவு. விளம்பரத்தில் இருக்கும் தொகையோடு கைடு கூலி, தங்குமிடம், சாப்பாடு, கைடுக்கு டிப்ஸ், கறி வெட்டிப் பொட்டலம் போடும் கூலி எல்லாம் சேரும். முன்பணம் கட்டும்போது, தேதி மாறினால் அது திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கட்டினேன், வீட்டில் உடம்பு சரியில்லாமல் போக முடியாதபோது அந்தப் பணம் போயே போய்விட்டது.

முதல்முறைக்குப் பெண்ணையே கேளுங்கள். செலவு குறைவு, கறி மென்மை, ஆணைவிடத் தோலும் மெலிது. சுவரில் மாட்ட ஆணின் தலை வேண்டும் என்ற ஆசை இருந்தால் இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, கொம்பையோ தோலையோ ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் விலங்கு இது. சென்னை விமான நிலையத்தில் எந்த விளக்கமும் எடுபடாது.

மாதம் என்று கேட்டால், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்வரை. நவம்பர், டிசம்பரில் பண்ணைகள் மான் வேட்டையிலும் காடை வேட்டையிலும் மூழ்கியிருக்கும். ஏப்ரல் தாண்டினால் வெயில், உண்ணி, ராட்டில் பாம்பு எல்லாம் கூடிவிடும், இறைச்சியும் வேகமாகக் கெடும்.

துப்பாக்கியும் பயிற்சியும்

தோட்டா அளவில் .30-06க்குக் கீழே போக வேண்டாம். .300 வின்செஸ்டர் மேக்னம் நல்ல தேர்வு. .338, .375 வைத்திருப்பவர்களும் உண்டு, ஆனால் உதை தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற பெரிய துப்பாக்கியைவிட, கை பழகிய .30-06 எவ்வளவோ மேல். துப்பாக்கியைவிடக் குண்டுதான் பெரிய விஷயம். மானுக்கு விற்கும் மெல்லிய குண்டு தோளெலும்பில் பட்டுச் சிதறிவிடும். முழுச் செம்புக் குண்டோ, உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டிய குண்டோ வாங்குங்கள். பயிற்சியையும் அதே குண்டில் செய்யுங்கள்.

பயிற்சிக் களத்தில் மேஜைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவது ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும்தான் உதவும். பண்ணையில் மேஜை இருக்காது. முக்காலிபோல் விரியும் சுடுகோல் ஒன்று வாங்கி, நின்றபடியும் மண்டியிட்டும் 100 கஜம், 150 கஜம், 200 கஜத்தில் பழகுங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, பத்துக்குப் பத்தும் அதற்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. அந்த எண்ணைக் கைடிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 150 என்றால் 150தான். அங்கே போய் நின்றதும் கூச்சம் வரும், “இன்னும் கொஞ்சம் தூரம்தானே” என்று தோன்றும். தலையசைத்துவிடாதீர்கள்.

ஒரு குண்டோடு நிறுத்தாமல் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதையும் கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் பழக வேண்டும். வீட்டில் வெற்றுத் துப்பாக்கியில், இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, தினம் பத்து நிமிடம் செய்தால் போதும்.

குறி

மான் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால் வைப்பார்கள். நீலகாயில் அது தப்பு. இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிட முன்னாலும் கீழேயும் இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே ஏறி, அடிவயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், தோளெலும்பின் மேலேயே வையுங்கள். நேராக நம்மைப் பார்த்து நிற்கும் ஆணைச் சுட வேண்டாம். கழுத்தும் மார்பும் தோல் மிகத் தடித்த இடம். பின்பக்கம் காட்டி ஓடுவதையும் விட்டுவிடுங்கள்.

சுட்டதும் கை கொடுப்பது, படம் எடுப்பது எல்லாம் அப்புறம். அது நிற்கிறவரை, உங்களுக்குச் சரியான பக்கம் தெரிகிறவரை, மறுபடி சுடுங்கள். கைடே அதைத்தான் சொல்வார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் முதல் வேட்டைதான். 140 கஜம், பக்கவாட்டில் நின்ற பெண், காற்றும் இல்லை. பழக்கத்தில் நான்கு விரல் பின்னால் வைத்துவிட்டேன். ஒரு குலுக்கல், அப்புறம் நேரே ஓக் மரக் காட்டுக்குள் ஓட்டம். அது நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தால் மணலில் குளம்பு ஆழமாகப் பதிந்து பின்னால் தெறித்த தடம் மட்டும் இருக்கிறது, ரத்தம் இல்லை. தடித்த தோல் துளையை மூடிக்கொண்டுவிடும் என்று கைடு மெதுவான குரலில் சொன்னார். அறுபது கஜம் தாண்டி ஒரு சப்பாத்திக் கள்ளி மடலின் ஓரத்தில் கடுகளவு ரத்தம். அதன் மேல் அவர் தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கிருந்து வட்டம் போட்டுத் தேடினார். அடுத்த துளி கிடைக்க இருபது நிமிடம். இரண்டு மணி நேரம் கழித்து, ஓக் மரங்களுக்கு அடியில், முன்னங்காலை மடித்துத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. உயிர் இருந்தது. இரண்டாவது குண்டில் முடிந்தது. அந்த இரண்டு மணி நேரம் அது பட்ட வலிக்கு என் நான்கு விரல் தவறுதான் காரணம்.

வேட்டை நாள்

விடியலுக்கு முன்பே வண்டியில் ஏறிவிடுவீர்கள். அகலமான மணல் பாதை, இரண்டு பக்கமும் மெஸ்கீட் முள்மரம் (நம்மூர் வேலிக்காத்தான் சாதிதான்), இடையிடையே திட்டுத் திட்டாக ஓக் மரம். பாதை ஓரத்தில் ஒரே இடத்தில் குவியலாகப் புழுக்கை கிடந்தால் நின்று பாருங்கள். நீலகாய் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து சாணம் போடும், ஆண்கள் எல்லை காட்டவும் இப்படிச் செய்யும். மேலே கிடப்பது ஈரமாக, கருப்பாகப் பளபளத்தால் அது இன்று காலை அங்கே நின்றிருக்கிறது.

கண் மிகக் கூர்மை. நாம் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்திருக்கும், ஓட ஆரம்பித்தால் லேசில் நிற்காது. வளைகுடாப் பக்கமிருந்து அநேகமாக எப்போதும் காற்று வீசும், அதை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் நெருங்க வேண்டும். கைடு நின்றால் நில்லுங்கள், குனிந்தால் குனியுங்கள், அவ்வளவுதான். பாம்புக்கு முழங்கால்வரை உறை, நீளக்கை சட்டை, தண்ணீர். கட்டம் போட்ட வெள்ளைச் சட்டை வேண்டாம், மண் நிறம் எதுவானாலும் போதும்.

விழுந்த பிறகு

பின்னாலிருந்து நெருங்கி, நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால்தான் பக்கத்தில் போக வேண்டும்.

இங்கேதான் குளிர் அறை வருகிறது. பிப்ரவரியிலும் மதியம் 80 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும் நாட்கள் உண்டு. பெரிய உடம்பு, தடித்த தோல், உள்சூடு இறங்காது. சீக்கிரமாகக் குடல் எடுத்து, தோலுரித்து, காலாகப் பிரித்துக் குளிரில் வைத்தாக வேண்டும். குளிர் அறை இல்லாத பண்ணை என்றால் இரண்டு பெரிய கூலரும் முன்னாலேயே வாங்கிய ஐஸும் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் 77ஆம் நெடுஞ்சாலையில் கிங்ஸ்வில் பக்கம் தாண்டி ரேமண்ட்வில்வரை ஏறக்குறைய 60 மைலுக்குக் கடையோ பெட்ரோலோ கிடையாது. கறி உருகிய தண்ணீரில் ஊறக் கூடாது. கூலரின் அடிக்குழாயைத் திறந்து, அந்தப் பக்கம் சற்றுத் தாழ்வாக வைத்து ஓட்டி வாருங்கள்.

தோலைப் பற்றி ஒரு விதி. மாட்டுக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணி நீலகாய் உடம்பில் ஏறிப் பண்ணை விட்டுப் பண்ணை போகிறது. 1906இல் ஒழிப்பைத் தொடங்கி 1943க்குள் நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து துரத்திய உண்ணி அது. மெக்ஸிகோ எல்லை ஓரமாக இன்னமும் நிரந்தரத் தடுப்பு வளையம் இருக்கிறது, அதற்கு வெளியேயும் அவ்வப்போது பண்ணைகளைத் தடுப்பில் வைப்பார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் சுட்டதன் தலையையோ தோலையோ மாநில விலங்கு நலக் கமிஷனின் விதிப்படி பரிசோதித்து, உண்ணி நீக்கிய பிறகுதான் வெளியே கொண்டுபோகலாம். புக் செய்யும்போதே பண்ணை தடுப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தோல் தேவையில்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டு வருவது எளிது.

கிளம்பும் முன் பண்ணை பெயர், தேதி, உங்கள் பெயர், என்ன மிருகம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வகை விலங்கின் உடலை உரிமையாளர் சம்மதமின்றி வைத்திருப்பது குற்றம், வழியில் யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும். வடக்கே திரும்பும் வழியில் சரிட்டாவுக்குப் பக்கத்தில் எல்லைக் காவல்படைச் சோதனைச் சாவடி இருக்கிறது, எல்லா வண்டியும் நிற்க வேண்டும். பாஸ்போர்ட், விசாத் தாள், ஐ-94, லைசென்ஸ் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். துப்பாக்கி குண்டில்லாமல், பெட்டியில் பூட்டி, பின்னால். கேட்டால் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கறி

400 பவுண்டுப் பெண்ணில் எலும்பில்லாமல் 150 பவுண்டு சுற்றிக் கிடைக்கும். கொழுப்பே இல்லாத கறி, கவிச்சை இல்லை. கொழுப்பில்லாததால்தான் தப்பும் நடக்கிறது: ஆட்டுக்கறிபோல் நினைத்து வாணலியில் அரைகுறையாக வேகவிட்டால் ரப்பர். முதுகுக் கறியை மெல்லிசாக வெட்டி மிளகும் உப்பும் போட்டு நல்ல சூட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம், அவ்வளவு போதும். முன்னங்காலும் கழுத்தும் குக்கருக்கு. சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு விசில், அப்புறம் சுக்கா. கொத்துக்கறியில் கோலா உருண்டை செய்தால் பொட்டுக்கடலையோடு கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பும் சேருங்கள், இல்லாவிட்டால் உதிரும். தொடைக்கறி உப்புக்கண்டத்துக்கு மிகப் பொருத்தம், கொழுப்பில்லாததால் சிக்கு வாடை வராது. ஹூஸ்டன் ஈரக்காற்றில் வெயிலை நம்பாமல் உலர்த்தும் இயந்திரத்தில் போடுங்கள்.

ஃப்ரீசரில் வைக்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று எழுதுங்கள். உறைந்த பிறகு முன்னங்காலும் முதுகும் ஒரே மாதிரிதான் தெரியும்.